கேட்டு வாங்கியவர்கள்

"அத்தை, இது நோய்க்கா, தாகத்துக்கா?"

சலோதேக்கு அப்போது ஆறு வயது. மேசைமேல் வரிசையாக நின்ற நீலப் பாட்டில்களில் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டாள். உனைசி தன் கையேட்டைப் புரட்டினாள். வாடிக்கையாளர்கள் கேட்கக்கூடிய முப்பத்தொரு கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் அதில் அச்சாகியிருந்தன. இந்தக் கேள்வி இல்லை.

"ரெண்டுக்கும்தான்," என்றாள் உனைசி.

சலோதே மூடியைத் திறந்து முகர்ந்தாள். மறுபடி மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள்.

பாட்டிலுக்குள் இருந்தது நுணாப் பழச் சாறு. வுனிவேசி கிராமத்தில் எந்த வீட்டுக்குப் பின்னால் போனாலும் ஒரு நுணா மரம் நிற்கும். பழம் விழுந்து நாறிக் கிடக்கும். பன்றிகூட ரொம்பப் பசித்தால்தான் அதன் பக்கம் போகும். அந்தப் பழத்தை எங்கேயோ சேர்த்து, பிரிஸ்பேனுக்குக் கப்பலேற்றி, நாற்றத்தை எடுத்து, திராட்சை வாசனை கலந்து, 'நீலத்துளி' என்று சீட்டு ஒட்டி, பாட்டில் நாற்பத்தெட்டு டாலர் என்று ஃபிஜிக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது ஒரு கம்பெனி.

உனைசி அதில் சேர்ந்தது லம்பாசா நகரத்தில், ஓர் ஓட்டலின் மாடியில். மேடையில் நின்ற இளைஞன் திரையில் ஒரு முக்கோணத்தைக் காட்டி, அதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்டான்.

"இது பிரமிடு. சட்டவிரோதம். நாம இது இல்லை."

அப்படியா என்று யாரும் கேட்கவில்லை. இருந்தும் மூன்று தடவை சொன்னான். அடுத்த படத்தில் உச்சியில் ஒருவர், அவருக்குக் கீழே ஆறு பேர், அந்த ஆறு பேருக்குக் கீழே முப்பத்தாறு பேர். "இது மரம்," என்றான்.

உனைசியோடு பிலிமோனியும் வந்திருந்தான். அவளுடைய தாய்மாமன் மகன். கூட்டம் முடிந்ததும் கோழி பரிமாறுவார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவன். அவன் கையைத் தூக்கினான்.

"மரம் மேலதானே விரியும்? இது கீழ விரியுதே."

"அது வேர், சார்."

"அப்ப நாங்கல்லாம் மண்ணுக்குள்ள இருக்கோம்னு சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். உனைசி சிரிக்கவில்லை. அந்த இளைஞன் கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கியிருந்தான். ஜெபத்தை நம்புகிறவள் உனைசி. அதில் தப்பில்லை. ஜெபம் முடிந்த பிறகு அவன் சொன்னதையும் அதே கையோடு நம்பிவிட்டாள். அதில்தான் கொஞ்சம் அவசரம்.

சேர்ந்தவர் ஒவ்வொருவரும் இன்னொருவரையாவது சேர்க்க வேண்டும். உனைசி தன் தம்பி மனைவி தோரிகாவிடம் போனாள். தம்பி இறந்து மூன்று வருடமாகிறது. சலோதே அவர்களுடைய ஒரே பிள்ளை. பிப்ரவரியில் வந்த புயல் தோரிகாவின் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டிருந்தது. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் தாயும் மகளும் குடியிருந்தார்கள். கூரைத் தகடு வாங்க அவள் அறுநூறு டாலர் சேர்த்து வைத்திருப்பது ஊருக்கே தெரியும்.

லாபம், வேர், முப்பத்தாறு பேர் எதையும் உனைசி விளக்கவில்லை. விளக்கியிருந்தால் தோரிகா யோசித்திருப்பாள்.

"கெரேகெரே, தோரிகா," என்றாள். அவ்வளவுதான்.

சொந்தக்காரர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டுவிட்டால் கையில் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும். நாளைக்கு நமக்குத் தேவையென்றால் நாம் கேட்போம், அவர் கொடுப்பார். யாரும் எழுதி வைப்பதில்லை. யாரும் மறப்பதுமில்லை. தோரிகா பாயைத் தூக்கிப் பணத்தை எடுத்தாள்.

"சரியா இருக்கான்னு பாத்துக்குங்க, மதினி."

சரியாக இருந்தது. அறுநூறும் கம்பெனிக்குப் போனது. ஆள் சேர்த்ததற்காகக் கம்பெனி உனைசிக்கு அறுபது டாலர் அனுப்பியது. சர்க்கரை, சோப்பு, மண்ணெண்ணெய் என்று ஒரு வாரத்தில் அது கரைந்தது.

தோரிகாவின் பங்குக்கு வந்த பன்னிரண்டு பாட்டில்களையும் அவளால் விற்க முடியவில்லை. அவள் வீட்டுத் தார்ப்பாயின் நான்கு ஓரங்களிலும் மூன்று மூன்றாக அவை பாரம் வைக்கப்பட்டன. அந்த வேலையை அவை நன்றாகவே செய்தன.

உனைசியின் பாட்டில்களோ பறந்தன. இரவுப் படகில் வேலை பார்த்த கணவன் சக்கியூசா அனுப்பும் சம்பளத்தில் மாதம் ஐந்தாறு பாட்டில் எடுத்தாள். வந்த வாரமே காலியாகிவிடும். வாசலில் யாராவது நிற்பார்கள். "உனைசி, கெரேகெரே, ஒரு நீலப் பாட்டில்." அவள் எடுத்துக் கொடுப்பாள். பிறகு கம்பெனி கொடுத்த நோட்டைத் திறப்பாள். அதில் 'வாங்கியவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. வாங்கியவர் பெயரை எழுதுவாள். பக்கத்துக் கட்டத்தில் 48.00 என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். அதை அவள் தொடவில்லை. அச்சடித்தவர்களுக்குத் தெரியாததா?

இப்படிப் பதினோரு மாதத்தில் அறுபத்தொரு பாட்டில். கம்பெனியில் சேராத வெளியாட்களுக்கு இவ்வளவு சரக்கு விற்றவர் வடக்குத் தீவில் வேறு யாரும் இல்லை என்று கம்பெனி கண்டுபிடித்தது. உனைசிக்கு 'முத்து' என்று பட்டம் கொடுத்தது. லம்பாசா பேருந்து நிலையத்தில் அவள் படத்தை ஒட்டியது.

"என் அத்தை மகளே," என்றான் பிலிமோனி, "உன் படத்துக்குப் பக்கத்துல பல் டாக்டர் படம் ஒட்டியிருக்கான். அவரும் சிரிக்கல, நீயும் சிரிக்கல."

"வேலையப் பாரு, மச்சான்."

"வேலையாத்தான் வந்தேன். கெரேகெரே, ஒரு பாட்டில்."

நவம்பர் மழைக்கு மூன்று வாரம் இருக்கும்போது தலைநகர் சுவாவிலிருந்து இனோகே என்ற அதிகாரி வந்தார். வணிகக் கண்காணிப்பு அலுவலகத்து ஆள். படகுப் பயணத்தில் முகம் வெளிறியிருந்தது. முறைப்படி ஊர்த் தலைவர் முன் யங்கோனா வேர்க்கட்டையைக் காணிக்கையாக வைத்து, அனுமதி பெற்று, உனைசி வீட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து எடுத்தது அவளுடைய நோட்டின் நகல்.

"கம்பெனிமேல புகார் இருக்கு, அக்கா. பிரமிடுன்னு. இல்லை, நாங்க பல அடுக்கு வியாபாரம்தான், சட்டப்படிதான் நடத்தறோம்னு கம்பெனி சொல்லுது. ஆதாரம் கேட்டோம். இதை அனுப்பியிருக்காங்க."

"என் நோட்டையா?"

"இதை மட்டும்தான்."

உனைசி எலுமிச்சை இலைத் தேநீர் வைத்தாள். அது கொதிப்பதற்குள் இனோகே நோட்டில் பெயர் இருந்தவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கினார். முதல் பெயர் பிலிமோனி.

"நீங்க நீலத்துளி வாங்கினீங்களா?"

"வாங்கினேனே. ஏழு பாட்டில்."

இனோகே எழுதிக்கொண்டார். "உங்களுக்கு வேணும்னுதான் வாங்கினீங்க?"

"ரொம்ப வேணும்னுதான்."

"என்ன விலைக்கு?"

"விலையா?"

"எவ்வளவு காசு குடுத்தீங்க?"

"என் அத்தை மகளுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்? கேட்டேன், வாங்கினேன்."

இனோகே எழுதியதை அடித்தார். "குடிச்சு உடம்புக்கு நல்லா இருந்துச்சா?"

"யார் உடம்புக்கு? சாறைப் பப்பாளிக்கு ஊத்திட்டேன். எனக்குப் பாட்டில்தான் வேணும். அந்த மூடியைப் பாத்தீங்களா? படகு எஞ்சினுக்கு எண்ணெய் எடுத்துட்டுப் போனா ஒரு சொட்டு சிந்தாது."

"பப்பாளி எப்படி இருக்கு?"

"பட்டுப் போச்சு."

மற்றவர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். ஒருவர் தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். ஒருவர் திரி போட்டு விளக்காக்கியிருந்தார். போதகர் மனைவி மட்டும் ஒரு கரண்டி குடித்ததாகச் சொன்னார். ருசியைப் பற்றிக் கேட்டபோது, கர்த்தர் படைத்த எதையும் தான் குறை சொல்வதில்லை என்றார்.

எல்லாரும் போன பிறகு உனைசி கதவருகே வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் ஒண்ணு கேட்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை சபையில திருவிருந்து. பாவத்தோட போய் அப்பம் வாங்கக்கூடாது. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். நான் வியாபாரியா, திருடியா?"

இனோகே கோப்பையைக் கீழே வைத்தார்.

"படத்துல பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், அக்கா. மேல ஒருத்தர், கீழ பல பேர். முக்கோணம்னாலும் மரம்னாலும் அதே உருவம்தான். காசு எங்கேயிருந்து வருதுன்னு பாக்கணும். கம்பெனியில சேரணும்கற எண்ணமே இல்லாத ஒருத்தர், சரக்கு வேணும்னு காசு குடுத்து வாங்கறார். அது வியாபாரம். நல்லதோ மட்டமோ, வியாபாரம். புதுசா சேர்றவங்க காசைத் தவிர வேற காசே உள்ள வரலைன்னு வைங்க. சரக்கு சும்மா பேருக்குத்தான். அது பிரமிடு."

"எங்கிட்ட வாங்கினவங்க வெளியாளுங்கதானே?"

"ஆமா."

"வேணும்னுதானே வாங்கினாங்க?"

"பாட்டிலை."

"சும்மாவும் வாங்கல. பிலிமோனி மீன் குடுப்பான். வாத்தியார் வீட்டுல பாய் குடுத்தாங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப…"

"தெரியும், அக்கா. எங்க ஊர்லயும் இப்படித்தான்." இனோகே தன் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். "இதுல அதுக்குக் கட்டம் இல்லை."

வெளியே ஒரு சேவல் தன் கருத்தைச் சொன்னது.

"நீங்க எப்படி எழுதணும்னு நான் சொல்லக்கூடாது," என்றார் இனோகே. "என்ன ஆகும்னு சொல்லலாம். இந்த நோட்டுல இருக்கறபடியே எல்லாம் வித்துச்சுன்னு கையெழுத்துப் போட்டா, கம்பெனி தப்பிச்சுரும். யாருக்கும் ஒண்ணும் திரும்ப வராது. விக்கலைன்னு எழுதினா அது பிரமிடுன்னு ஆயிரும். முடக்கி வச்சிருக்கற கம்பெனி பேங்க் கணக்கிலிருந்து கடைசியா சேர்ந்தவங்களுக்குப் பணம் திரும்பும். ஆள் சேர்த்தவங்களுக்குத் திரும்பாது. அவங்க பேர் பட்டியல் பத்திரிகையில வரும்."

உனைசிக்குக் கீழே கடைசியாகச் சேர்ந்தவள் ஒருத்திதான். இங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டுத் தார்ப்பாய் தெரியும்.

"உங்க பேரைச் சுருக்கி எழுதச் சொல்லி வேணும்னா…"

"முழுப்பேராத்தான் எழுதுவாங்க," என்றாள் உனைசி.

வுனிவேசியில் சுவர்கள் மெல்லியவை. இனோகே இரண்டாவது கோப்பையைக் குடித்து முடிப்பதற்குள் பதினான்கு பேர் வீட்டுக்குள் வந்து, பாயில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பிலிமோனி. பெரியவர்கள் முன் பேசுவதுபோலக் கைகளைக் குவித்து மூன்று தடவை தட்டினான். அவன் உனைசி முன்னால் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

"சார், நான் முன்னாடி தப்பாச் சொல்லிட்டேன். ஏழு பாட்டிலுக்கும் காசு குடுத்தேன். நாப்பத்தெட்டு நாப்பத்தெட்டா."

"நானும்," என்றார் வாத்தியார்.

"நானும் குடுத்தேன்," என்றார் போதகர் மனைவி. அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருக்கே அந்தக் குரல் புதிதாக இருந்ததுபோலத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

இனோகே யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

பின்னாலிருந்து தோரிகா பேசினாள். "எனக்குக் கூரைக்கு அவசரமில்ல, மதினி. தார்ப்பாய் இன்னும் ஒரு மழை தாங்கும். உங்க பேர் பத்திரிகையில வர வேண்டாம்."

தார்ப்பாய் ஜூலையிலேயே மூன்று இடத்தில் கிழிந்துவிட்டது. மழை நாளில் சலோதே மேசைக்கு அடியில் படுப்பது எல்லாருக்கும் தெரியும்.

பிலிமோனி உனைசியைப் பார்த்துத் திரும்பினான். கேலி எதுவும் அவன் முகத்தில் இல்லை. "கெரேகெரே, உனைசி. நாங்க சொல்றோம். நீ தடுக்காதே."

பதினான்கு பேரும் கேட்ட மாதிரி. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்கு உனைசி இல்லை என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவும் தெரியாது. கடைசியில் அவளும் கைகளைக் குவித்துத் தட்டினாள்.

"உங்க அன்புக்கு நன்றி. இதைக் குடுக்க மாட்டேன்," என்றாள்.

அவள் பிலிமோனியைப் பார்த்தே பேசினாள்.

"தோரிகாகிட்ட நான் வியாபாரம் பேசல. கேட்டேன். கேட்டா குடுப்பான்னு தெரிஞ்சு கேட்டேன். நீங்க எங்கிட்ட பாட்டில் கேட்டது வேற. உங்களுக்கு என்ன தேவைன்னு எனக்குத் தெரியும், குடுத்தேன். நான் கேட்டப்ப எனக்கு என்ன தேவை இருந்துச்சு? ஒண்ணுமில்ல. படத்துல கீழ ஒரு கட்டம் காலியா இருந்துச்சு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. மச்சான், நீயும்தான்."

போனார்கள். போதகர் மனைவி வாசலில் நின்று, "நான் சொன்னதை அடிச்சுருங்க, சார்," என்று இனோகேயிடம் மெல்லச் சொன்னார்.

"எழுதவே இல்லைம்மா," என்றார் அவர்.

உனைசி நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். அறுபத்தொரு வரி. ஒவ்வொன்றிலும் அச்சடித்த விலையை அடித்துவிட்டு உண்மையை எழுத வேண்டும், எழுத இடமில்லை. இனோகே பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் நேராகக் கோடு போட்டு ஒரு புதிய கட்டம் உண்டாக்கினார். அதன் தலைப்பில் தன் கையெழுத்திலேயே 'கேட்டு வாங்கியவர்' என்று எழுதி அவளிடம் நகர்த்தினார். அலுவலகத்தில் அப்படிக் கட்டம் சேர்க்க அனுமதி உண்டா என்பதை அவர் சொல்லவில்லை.

இரண்டு மணிப் பேருந்து போய்விட்டது. அடுத்தது ஐந்துக்கு. அதுவரை அவர் மரவள்ளிக்கிழங்கும் மீனும் சாப்பிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். உனைசி எழுதிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் திருவிருந்துக்குப் போனாள். கடைசி வரிசையில் முழங்கால் போட்டாள். போதகர் எல்லாருக்கும் கொடுத்த அளவே அவளுக்கும் கொடுத்தார்.

மூன்றாம் வாரம் பத்திரிகையில் பட்டியல் வந்தது. அவள் பெயர் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லாமல் அச்சாகியிருந்தது. பிலிமோனி இரண்டு பிரதி வாங்கினான். ஒன்று படிக்க, இன்னொன்று மீன் சுற்ற என்றான். சுற்றிய மீனை அவளுக்கே கொண்டுவந்து கொடுத்தான். அவள் பெயர் இருந்த பக்கத்தை அவன் கிழித்துவிட்டிருந்தான் என்பதை அவள் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நீலத்துளி கம்பெனி மூடப்பட்டது. உனைசியின் பணம் வரவில்லை. வராது என்று தெரிந்ததுதான். சக்கியூசா படகிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டான். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பாட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, எஞ்சின் அறையில் தேவைப்படுகிறது என்று கேட்டான்.

தோரிகாவுக்குப் பணம் திரும்பியது.

"முழுசா வந்துருச்சு, மதினி," என்றாள். "அறுநூறும்."

வந்தது ஐந்நூற்று நாற்பது. உத்தரவின் நகல் ஒன்று உனைசிக்கும் வந்திருந்தது. சேர்த்தவருக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்ட தொகை கழிக்கப்படும் என்று நான்காவது பத்தியில் தெளிவாக இருந்தது. தோரிகாவுக்கு அந்தப் பத்தி புரியாமல் இல்லை. ஊரில் எல்லாரையும்விட நன்றாகப் படிக்கிறவள் அவள். கூரைத் தகடுகள் சவுசவு நகரத்திலிருந்து வந்து இறங்கியபோது ஒன்று குறைந்தது, முகட்டுத் தகடும் இல்லை. யாரோ கேட்டதற்கு, "அந்த மூலையில காத்து வரட்டும்னு விட்டிருக்கேன்," என்றாள்.

உனைசி இரண்டு சந்தை நாள் சவுசவுவுக்குச் சேப்பங்கிழங்கு கொண்டுபோய் விற்றாள். அறுபது டாலர் சேர்ந்தது. சேர்ந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. கையில் கொடுத்தால் தோரிகா சொன்ன பொய் வெளியே வந்துவிடும். அது உனைசிக்காகச் சொன்ன பொய். ஊர் முறைப்படி கொடுத்தால் இன்னும் மோசம். வுனிவேசியில் ஒரு கட்டுப் பாய் கொடுப்பதென்றாலும் ஒருவர் எழுந்து பேச வேண்டும், பெற்றுக்கொள்பவர் பதில் பேச வேண்டும், எல்லாரும் கை தட்ட வேண்டும். இதற்கு என்ன பேசுவது? தோரிகா என்ன பதில் சொல்வாள்?

வெள்ளிக்கிழமை முற்பகலில் கடல் நன்றாக வற்றியது. தோரிகா சலோதேயைக் கூட்டிக்கொண்டு பவளப்பாறைப் பக்கம் சிப்பி பொறுக்கப் போனாள். ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மறுநாள் காலையில் ஆண்கள் வந்து கூரை வேய்வதாக ஏற்பாடு.

உனைசி தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தகடுகள் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் பிஸ்கட் டின் ஒன்றில் ரப்பர் வளையம் போட்ட கூரை ஆணிகள். அவற்றைக் கையால் ஒதுக்கினாள். மூன்று இருபது டாலர் நோட்டுகளை அடியில் தட்டையாக வைத்து, மேலே ஆணிகளைப் பழையபடி பரப்பினாள். ஓர் ஆணி விரலில் குத்திவிட்டது. விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே வெளியே வந்து, தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, கிழங்குத் தோட்டத்துப் பாதையில் வீட்டுக்கு நடந்தாள்.